முந்திரி எண்ணெயும் முப்பத்திரண்டு மெயிலும்

என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அவளைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றவன்தான் பிற்பாடு என் முதுகில் குத்தினான். அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வழக்குப் போடுவான் என்ற பயமெல்லாம் கிடையாது. அந்தப் பெயரை என் கையால் எழுதப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் கடற்கரையில் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றவன் கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். அவன் ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. அவனிடம் எழுத்து, கையொப்பம் என்று எதுவும் வாங்கக்கூடாது. வாங்கினால் ஊரில் கேவலமாகப் பேசுவார்கள். அந்த வழக்கத்தை நம்பித்தான் நான் கெட்டேன்.

முட்டத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கடை உண்டு. ரேடியோ, டிவி ரிப்பேர் என்றுதான் போர்டு சொல்லும். ஆனால் வேலை முழுக்க மீன்பிடி வள்ளங்களுடையது. வயர்லெஸ், ஜிபிஎஸ், அடியில் மீன் கிடக்கும் ஆழத்தைக் காட்டும் எக்கோ சவுண்டர் இவைதான் என் மேஜைக்கு வரும். சுனாமிக்கு அடுத்த வருஷம் நிவாரணமாகப் புதுப்புதுக் கருவிகள் கடற்கரையில் வந்து இறங்கின. கொடுத்தவர்கள் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கருவிகளைச் செய்தவன் கடலைப் படத்தில் மட்டும் பார்த்தவன் போலிருக்கிறது. சில மாதங்களில் எல்லாம் செத்துப்போய் என்னிடம் வந்தன. திருகைக் கழற்றித் திறந்தால் உள்ளே சர்க்யூட் போர்டு பச்சை பூத்துக் கிடக்கும். உப்புக்காற்று செம்பைத் தின்ற நிறம் அது.

வயர்லெஸ் ஊமையாகிப்போய் இரண்டு நாள் கடலில் தத்தளித்துவிட்டுக் கரை சேர்ந்த ஒருவர், கருவியை என் மேஜையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். நான்தான் போன மாதம் அதைச் சரிசெய்து கொடுத்திருந்தேன். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அன்றிலிருந்து போர்டின் மேல் என்ன பூசினால் உப்பு ஏறாது என்பதே எனக்குப் பைத்தியமாகிவிட்டது. வார்னிஷ் பூசினேன், வெடித்தது. மெழுகு ஊற்றினேன், வெயிலில் உருகியது. மனைவியின் நகப்பூச்சைக்கூட விட்டுவைக்கவில்லை.

என் மனைவி கருங்கல் பக்கத்துக்காரி. பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் லோயரும் பாஸ் செய்துவிட்டு, கல்யாணம் ஆகும்வரை முந்திரி ஆலையில் கொட்டை உடைத்தவள். நகப்பூச்சுக் குப்பி காலியானதைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

"வள்ளத்துக்கு அடியில முந்திரிக்கொட்டை எண்ண பூசுவாவல்லா. இதுக்கும் பூசிப் பாத்தா என்ன?"

நான் சிரித்தேன். மரத்துக்குப் பூசுவதை மின்சாரம் ஓடுகிற இடத்தில் பூசலாமா என்று பாடம் நடத்தினேன். இரண்டு நாள் கழித்து அவளுக்குத் தெரியாமல் பூசியும் பார்த்தேன். வாரக்கணக்கில் பிசுபிசுவென்று காயாமல் கிடந்தது. என் விரல் நுனியெல்லாம் பொத்துப் புண்ணானது. ஒளிக்க முடியவில்லை.

"பச்ச எண்ண அப்படித்தான் செய்யும்" என்றாள். "காச்சணும்."

கொல்லையில் ஒரு பழைய அலுமினியச் சட்டியில் அவளே காய்ச்சினாள். புகை பட்டால் தோல் எரியும் என்பதால் முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, காற்று வரும் பக்கம் நின்று காய்ச்சினாள். தென்னோலை ஈர்க்கில் இரண்டை எண்ணெயில் முக்கி, ஒன்றோடொன்று ஒட்டி, மெல்ல விலக்கிப் பார்ப்பாள். சர்க்கரைப் பாகில் பார்ப்பதுபோல நூல் வரவேண்டும். நூல் அறுந்தால் இன்னும் பச்சை. அதைத் தாண்டவிட்டால் காய்ந்தபின் பொடிந்து உதிரும். அந்த நூல் பதத்தில் இறக்கி, டர்பன்டைன் சேர்த்து இளக்கி, பிரஷ்ஷால் போர்டில் பூசி, பல்பு எரிகிற ஒரு தகரப்பெட்டிக்குள் காயவைத்தோம். முதல் இரண்டு போர்டு பாழானது. மூன்றாவது நின்றது.

ஊமையான வயர்லெஸ்காரருக்கே அதை மாட்டிக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து வேறு எதற்கோ அது திரும்பி வந்தபோது திறந்து பார்த்தேன். கறுப்புத் தோலுக்கு அடியில் செம்பு புதுசாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அதைச் சொல்ல வெட்கம் ஒன்றுமில்லை. அதுவரை அடுத்தவன் செய்ததை ரிப்பேர் பார்த்தே பிழைத்தவன் நான்; உலகத்தில் இல்லாத ஒன்றை முதன்முதலாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அந்த ஞானத்தகப்பன் வந்தான். என்னோடு பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் படித்தவன், பெங்களூரில் கப்பல் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் இன்ஜினியர். போர்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"மக்கா, இது சும்மா விடுத காரியம் இல்ல" என்றான். "என்ன செய்தியோ எல்லாத்தையும் எனக்கு எழுது. ஒண்ணு விடாம எழுது. நான் பாத்துக்கிடுதேன்."

திங்கள்சந்தையில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் எனக்கு ஒரு மெயில் முகவரி திறந்து கொடுத்தான். பாஸ்வேர்டாக என் மகளின் பெயரையும் ஞானஸ்நானத் தேதியையும் சேர்த்து அவனே வைத்தான். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பூட்டைச் செய்தவனிடமே ஒரு சாவி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். ஞானத்தகப்பனிடம் அதைக் கேட்க முடியாது.

எனக்கு டைப் அடிக்க வராது. ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பதற்குள் அந்த மணிநேரம் முடிந்துவிடும். அதனால் சனிக்கிழமை தோறும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போவேன். அவள் நாற்காலியில் உட்காருவாள், நான் பின்னால் நின்று சொல்லுவேன், அவள் தமிழை ஆங்கில எழுத்தில் மளமளவென்று அடிப்பாள். நான் இன்று இப்படிச் செய்தேன், நான் இத்தனை நேரம் காய்ச்சினேன், நான் இந்தப் பதத்தில் இறக்கினேன். எத்தனை டிகிரி என்று அவன் கேட்டு எழுதினான். எங்களுக்கு டிகிரி தெரியாது. பெங்களூரிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் அனுப்பினான். அவள் நூல் பார்க்கும்போது நான் தெர்மாமீட்டரைச் சட்டிக்குள் விட்டு எண்ணைப் பார்த்து அவனுக்கு எழுதினேன். இப்படி முப்பத்திரண்டு மெயில். ஒவ்வொன்றையும் எண்ணி வைத்திருந்தேன், முதல் காதல் கடிதம் எழுதுகிறவன் மாதிரி.

அடுத்த வருஷம் அவன் என் மனைவியின் தம்பிக்குத் தன் நிறுவனத்திலேயே ஸ்டோர் பிரிவில் வேலை வாங்கிக் கொடுத்தான். வீட்டில் எல்லோரும் அவனைத் தெய்வம் மாதிரி பேசினார்கள். நானும்தான் பேசினேன். அதன் பிறகு அவனுடைய பதில்கள் சுருங்கின. 'மேலதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று ஒன்று. 'பொறுமையாக இரு' என்று ஒன்று. அப்புறம் பண்டிகை வாழ்த்து மட்டும் வந்தது. நானும் மெயில் பார்ப்பதை விட்டுவிட்டேன். கடைக்கு வரும் போர்டுகளுக்குப் பூசிக்கொண்டே இருந்தேன். குளச்சல் வரைக்கும் பேர் பரவியது, அதுவே போதும் என்று இருந்தேன்.

அப்படிப் பல வருஷம் ஓடியபின் ஒரு மத்தியானம் கொச்சியிலிருந்து ஒரு வக்கீல் கடை தேடி வந்தார். மலையாளம் கலந்த தமிழில் நிதானமாகப் பேசினார். அவருடைய கட்சிக்காரர் கொச்சியில் ஒரு சின்ன நிறுவனம். படகுக் கருவிகளுக்கு முந்திரி எண்ணெய்ப் பூச்சு பூசி விற்கிறார்கள். அது எங்கள் காப்புரிமை என்று பெங்களூர் நிறுவனம் சென்னையில் வழக்குப் போட்டிருக்கிறது. இந்தப் பூச்சு அதற்கும் முன்னாலேயே முட்டத்தில் ஒருவரிடம் உண்டு என்று குளச்சல் படகுக்காரர் யாரோ சொல்லி அவர் வந்திருக்கிறார்.

காப்புரிமைப் பத்திரத்தின் நகலை மேஜையில் விரித்தார். கண்டுபிடித்தவர்கள் என்று இரண்டு பெயர். ஒன்று எனக்குத் தெரியாத ஒரு மேலதிகாரி. மற்றது என் மகளின் ஞானத்தகப்பன்.

வக்கீல் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். முந்திரிக்கொட்டை எண்ணெய். இன்ன டிகிரி முதல் இன்ன டிகிரி வரை. அது நான் தெர்மாமீட்டரில் பார்த்து எழுதிய அதே எண். அடுத்த வரியில், இரண்டு பரப்புகளுக்கு இடையே வைத்து விலக்கினால் அறுபடாத நூல் உருவாகும் நிலை என்று இருந்தது. அந்த வரியை மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த ஈர்க்கிலைக்கூட அவன் விடவில்லை.

"தாங்கள் முன்னால் செய்ததற்கு என்ன ஆதாரம் உண்டு?" என்று வக்கீல் கேட்டார்.

காய்ச்சிய கணக்கை எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். நேற்று எழுதியது என்று சொல்லிவிடுவார்கள் என்றார். படகுக்காரர்களைக் கூப்பிடுகிறேன் என்றேன். உங்கள் ஊர்க்காரர்கள் உங்களுக்காக எதுவும் சொல்வார்கள் என்பார்கள் என்றார். மெயில் இருக்கிறது என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மெயிலில் தேதி இருக்கிறது, மணி இருக்கிறது, அதை யாரும் மாற்ற முடியாது, அது ஒன்று போதும் என்றார்.

"நீங்களே அடித்து அனுப்பியதுதானே?"

"நான்தான்" என்றேன். அந்த நேரத்தில் என் மனைவி அவருக்குச் சாயா கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றே நானும் வக்கீலும் திங்கள்சந்தைக்குப் போய்த் திறந்தோம். பாஸ்வேர்டு வேலை செய்தது. பண்டிகை வாழ்த்துகள் இருந்தன. லாட்டரி விழுந்ததாகச் சொல்லும் குப்பைகள் இருந்தன. மகளின் பிறந்தநாளுக்கு அவன் அனுப்பிய ரோஜாப்பூப் படம்கூட இருந்தது. என்னுடைய முப்பத்திரண்டும், அதற்கு அவன் எழுதிய பதில்களும் மட்டும் இல்லை. அனுப்பியதிலும் இல்லை, வந்ததிலும் இல்லை, குப்பைத்தொட்டியிலும் இல்லை. நெல்லில் கல் பொறுக்குவதுபோல யாரோ நிதானமாகப் பொறுக்கியிருந்தார்கள். மெயில் நடத்தும் நிறுவனத்துக்கு வக்கீல் எழுதிப் பார்த்தார். அழித்து இவ்வளவு நாளான பின் எடுக்க முடியாது என்று பதில் வந்தது. பெங்களூர் நிறுவனத்தின் பக்கத்து மெயில்களைக் கேட்டதற்கு, அந்த நிறுவனம் பழைய சர்வரை மாற்றியபோது அந்த வருஷத்து மெயில்கள் போய்விட்டன என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் காணாமல் போவது எவ்வளவு வசதி பாருங்கள்.

அவனுக்குப் போன் செய்தேன்.

"எந்த மெயிலு மக்கா?" என்றான்.

"முப்பத்திரண்டு மெயிலு."

"நான் தொடல்ல. பிள்ள மேல சத்தியமா நான் தொடல்ல."

எந்தப் பிள்ளை மேல் என்று கேட்டேன். பிறகு நான் பேசிய வார்த்தைகளை அச்சில் போட முடியாது. கடையில் நின்ற ஆட்கள் இறங்கிப் போய்விட்டார்கள். அன்று முதல் ஊர் முழுக்கச் சொன்னேன். கோயில் முற்றத்திலும், மீன் ஏலம் விடுகிற இடத்திலும், பஸ்சிலும் சொன்னேன். சுவரில் மாட்டியிருந்த ஞானஸ்நானப் படத்தைக் கழற்றிப் பரணில் போட்டேன். அவன் அழித்தான், அவன் கையில் சாவி இருந்தது, வேறு யார் அழித்திருக்க முடியும்? வேறு யாரையும் நான் நினைக்கவே இல்லை.

சாட்சி சொல்லும் நாள் வந்தது. நான் சென்னைக்குப் போகவேண்டியதில்லை. நீதிமன்றம் நியமித்த ஒரு வக்கீல் நாகர்கோவிலுக்கு வந்து, ஒரு விடுதியின் கூட்ட அறையில் உட்கார்ந்து பதிவு செய்வார் என்று ஏற்பாடு. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நடந்து வரும்போது என் மனைவி சொன்னாள்:

"இனி அண்ணன ஏசாதீங்க. அத அழிச்சது நான்."

அவனை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். நான் நின்றுவிட்டேன். அவள் நிற்காமல் நடந்தாள். நான்தான் ஓடிப்போய்ச் சேரவேண்டியிருந்தது.

"வக்கீல் வாறதுக்கு மின்னயே அண்ணன் போன் பண்ணினாவ. அழுதாவ. மெயிலு வெளிய வந்தா தனக்க வேலையும் போவும், தம்பிக்க வேலையும் போவும்ன்னாவ. நான் திங்கள்சந்தைக்குப் போயி அழிச்சு களஞ்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"நீங்க எங்கிட்ட எதக் கேட்டிய?"

நான் கத்தினேன். பூசைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"ஒவ்வொண்ணா வாசிச்சுத்தான் அழிச்சேன். முப்பத்திரண்டுலயும் ஒண்ணுல கூட நான் இல்ல. நான் காச்சினேன், நான் பதம் பாத்தேன்னு நீங்க சொல்லச் சொல்ல நான்தான் அடிச்சேன். அப்பவே விரலு நின்னுது. இந்த மெயிலுல சொல்லாட்டா அடுத்ததுல சொல்லுவியன்னு நெனச்சேன். எனக்க காரியம் ஒரு வரி இருந்திருந்தா அழிக்க மனசு வந்திருக்காது."

அவன் தொடவில்லை என்று சொன்னது உண்மைதான். சாவி அவனிடமே இருந்தும், தன் கை படாமலிருக்க என் வீட்டுக்குள்ளிருந்தே ஒரு கையை எடுத்துத் தொட வைத்தான். அதைவிட அவள் செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. வெளியே ஒருவன் ஏமாற்றினால் வீட்டுக்கு வந்து சொல்லி அழலாம். வீட்டில் ஏமாற்றினால் எங்கே போய்ச் சொல்வது? அவள் வைத்த சோற்றைத் தின்றேன், அவளோடு பேசவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறதா என்று யோசிக்கக்கூட எனக்கு மனமில்லை. காய்ச்சியது அவள்தான், சரி. ஆனால் போர்டு என்னுடையது, புண்ணான விரல் என்னுடையது, பல வருஷமாகக் காத்திருந்தது நான். இப்படியே எனக்குள் வழக்காடிக்கொண்டு அந்த வாரத்தை ஓட்டினேன்.

சாட்சிக்குக் கிளம்பும்போது அவளும் கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் வாறேன்" என்றாள். "காச்சினது நான், டைப் அடிச்சது நான், அழிச்சதும் நான்தான்னு எழுதிக் குடுக்குதேன். தம்பிக்க வேல போனா போட்டு. நீங்க எனக்க பேரச் சொன்னா மதி, வக்கீல் கூப்பிடுவாவ."

இப்போது நினைத்தால் எனக்கு விளங்குகிறது, அதைவிடப் பெரிய ஆதாரம் எங்களிடம் இருந்ததில்லை. மெயில் போனாலும் மெயிலை அடித்த ஆள் இருந்தாள். பதம் தெரிந்த கை இருந்தது. சட்டியைக் கொடுத்தால் அந்த அறையிலேயே காய்ச்சிக் காட்டியிருப்பாள். பஸ்சில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நான் ஒன்றும் சொல்லாமல் வந்தேன்.

அவள் வெளியே பெஞ்சில் இருந்தாள். கதவு பாதி திறந்துதான் இருந்தது. பெங்களூர் நிறுவனத்தின் வக்கீல் சின்ன வயசுக்காரர், மிக மரியாதையாகக் கேட்டார். மெயில் இருக்கிறதா? இல்லை. எப்படிப் போனது? தெரியாது. கடவுள் பெயரால் சத்தியம் செய்திருந்த வாய்தான் அப்படிச் சொன்னது. பிறகு அவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, இந்தப் பூச்சைச் செய்யும்போது உங்களோடு வேறு யாராவது இருந்தார்களா, இதைப் பற்றி நேரடியாகத் தெரிந்த ஒருவரையாவது சொல்ல முடியுமா என்று கேட்டார்.

எங்கள் வக்கீல் என்னையே பார்த்தார். எனக்குக் கதவுப் பக்கம் சேலையின் நுனி தெரிந்தது. ஒரு பெயர் சொன்னால் போதும். ஆனால் அந்த நிமிஷம் எனக்குள் எழும்பியது ஒன்றே ஒன்றுதான். என்னிடமிருந்து இத்தனை பேர் இத்தனையைப் பிடுங்கிவிட்டார்கள், மிச்சமிருக்கிற இதையும் இவளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டுமா?

"யாருமில்லை. நான் தனியாகத்தான் செய்தேன்" என்றேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்கு மேல் கேட்க அவருக்கு ஒன்றுமில்லை. பிற்பாடு அந்த இரண்டு நிறுவனங்களும் தங்களுக்குள் பேசி வழக்கை முடித்துக்கொண்டன. பத்திரத்தில் அந்த இரண்டு பெயர்தான் இன்றும் இருக்கிறது. வழக்கு முடிந்ததை எனக்கு ஒரு போன்கூடச் செய்து யாரும் சொல்லவில்லை, நானாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் நாகர்கோவிலில் பஸ் ஏறினோம். கூட்டமில்லை, சேர்ந்தே இடம் கிடைத்தது. பஸ் ஊரைத் தாண்டி வயல் வந்ததும் அவள் கேட்டாள்:

"கூட யாரு இருந்தான்னு கேட்டாவ, இல்லியா?"

"கேட்டாவ."

"யாருமில்லன்னு சொன்னிய."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் சேலைத் தலைப்பை மடியில் மடித்து வைத்துக்கொண்டாள். கோபமாக இருந்ததாகத் தெரியவில்லை. கணக்குச் சரியாக வந்துவிட்ட ஒரு ஆளின் முகம் மாதிரி இருந்தது.

"அப்பம் நான் அழிச்சதுல தப்பில்ல" என்றாள்.